படித்ததெல்லாம் எங்கே போயிற்று?

வாசகர் கேள்வி – பதில்: கல்லூரிப் படிப்பும் பரந்த வாசிப்பும்

கேள்வி: மூன்று வருடம் உளவியல் படித்துப் பட்டம் வாங்கினேன். இரண்டு வருடமாகச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலையில் இருக்கிறேன். போன வாரம் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. குழந்தைகளின் சிந்தனை வளர்வதைப் பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன கட்டங்களைக்கூட வரிசையாகச் சொல்ல வரவில்லை. அத்தனை படிப்பும் வீண்தானா?

பதில்: வீண் இல்லை. சொல்ல வராமல் போவதும் அழிந்தே போவதும் ஒன்றல்ல. இதை முதலில் அளந்து காட்டியவர் உங்கள் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்மன் எபிங்ஹாஸ். அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தாமே மனப்பாடம் செய்து, சில காலம் கழித்து அதே பட்டியலை மறுபடி படித்து, இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். 1885-இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம், ஒரு நாள் கழித்து சுமார் 34 சதவீதம், 31 நாள் கழித்து 21 சதவீதம். ஒரு மாதம் போன பிறகும், அர்த்தமே இல்லாத அசைகளில்கூட, உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு கைவசம் இருந்தது. நீங்கள் படித்தவை அர்த்தமுள்ள பாடங்கள். அவை இதைவிட நன்றாகவே தங்கும்.

உங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரு பாடப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், பியாஜேயே இருக்கட்டும். நோட்டைத் திறக்காதீர்கள். வெள்ளைத்தாளில் 10 நிமிடம், நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். வராத இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். பிறகு நோட்டைப் பிரித்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் நிரப்புங்கள். பார்க்காமல் முழுவதையும் எழுத வரும்வரை இதைத் திரும்பச் செய்து, ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்பு படித்தே இராத, அதே அளவுள்ள வேறொரு பகுதியையும் இதே முறையில் படியுங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சேமிப்பு. இதில் பலரும் செய்யும் தவறு, நோட்டை முதலில் ஒரு புரட்டுப் புரட்டிவிடுவது. கண்ணுக்குப் பழகிய வரிகள் “இதெல்லாம் தெரியுமே” என்ற எண்ணத்தைத் தரும். அளவு கெட்டுவிடும்.

இன்னொரு விஷயம், நீங்கள் இதில் அவசரப்பட ஒரு காரணம் இருக்கிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிஷ் மொழி கற்றவர்களை, படித்து முடித்து 50 வருடம் ஆனவர்கள் வரை சோதித்து ஹாரி பாரிக் 1984-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முதல் 3 முதல் 6 வருடங்களில் மொழியறிவு மளமளவென்று சரிந்தது. அதற்குப் பிறகு எஞ்சியது ஏறத்தாழ 30 வருடம் அப்படியே நின்றது. அதிகம் படித்தவர்களுக்கும் நன்றாகப் படித்தவர்களுக்கும் எஞ்சியதும் அதிகம். நீங்கள் இரண்டாவது வருடத்தில், சரிவின் நடுவில் நிற்கிறீர்கள். ஒரு முறை திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் அது இப்போதுதான்.

ஆனால் பட்டம் தந்ததை எடைபோட வேண்டிய இடம் பியாஜே அல்ல. டேரின் லெமனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை முதலாண்டிலும் நான்காம் ஆண்டிலும் சோதித்தார்கள். அன்றாட விஷயங்களில் புள்ளியியல் கண்ணோட்டத்தோடு யோசிக்கும் திறன், உளவியலும் சமூக அறிவியலும் படித்தவர்களிடம்தான் மிக அதிகமாக வளர்ந்திருந்தது. அது உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு:

ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒரு நோய். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை, நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டும். ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்று வந்துவிட்டது. உண்மையிலேயே அவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

1978-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இதைக் கேட்டார்கள். மிகுதியாக வந்த விடை 95 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். ஆயிரம் பேரைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். நோயுள்ளவர் ஒருவர், அவரைச் சோதனை பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 999 பேரில் 5 சதவீதம், அதாவது சுமார் 50 பேருக்குத் தவறாக வரும். ஆக 51 பேரில் ஒருவருக்குத்தான் நோய். ஏறத்தாழ 2 சதவீதம்.

கணக்கைப் படித்ததும் “நோய் இல்லாதவர்கள் எத்தனை பேர்?” என்ற கேள்வி தானாக எழுந்ததென்றால், மூன்று வருடப் படிப்பு உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. எழவில்லை என்றால், பியாஜேயை விட்டுவிட்டு நிகழ்தகவு அத்தியாயத்தை முதலில் எடுங்கள்.

கேள்வி: வானியல், மொழியியல், வரலாறு, பரிணாமம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். “நுனிப்புல் மேய்கிறாய், அகல உழுவதைவிட ஆழ உழு” என்கிறார்கள் வீட்டில். எனக்கோ எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையதாகத் தோன்றுகிறது. ஆனால் அவசரத்துக்கு ஒன்றும் கைகொடுப்பதில்லை. யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. கசப்பான பாதியை முதலில் சொல்லிவிடுவோம். எதைப் படித்தாலும் மூளை பொதுவாகக் கூர்மையாகும் என்பதற்கு ஆதாரம் பலவீனமானது. உளவியலாளர்கள் தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901-லேயே இதைச் சோதித்தார்கள். செவ்வகங்களின் பரப்பளவைக் கண்ணால் மதிப்பிடப் பழகியவர்கள், அளவும் வடிவமும் மாறியவுடன் தடுமாறினார்கள். ஒன்றில் வந்த பயிற்சி மற்றொன்றுக்கு அவ்வளவு எளிதாகத் தாவுவதில்லை.

1980-இல் எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் துல்லியமாகக் காட்டும். சாதாரண நினைவாற்றல் கொண்ட ஒரு மாணவர், வினாடிக்கு ஒன்றாக வாசிக்கப்பட்ட எண்களை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 7 எண்கள். 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி எடுத்த பிறகு 79. எண்களை விட்டு எழுத்துகளை வாசித்ததும் மறுபடி 6-க்கு வந்துவிட்டார். நினைவாற்றல் என்ற பொதுச்சொத்து எதுவும் வளரவில்லை. பின் 79 எப்படி வந்தது? அவர் நீண்டதூர ஓட்டக்காரர். 3, 4, 9, 2 என்று வந்தால் அவருக்கு அது ‘3 நிமிடம் 49.2 வினாடி, ஒரு மைல் ஓட்டத்தின் உலக சாதனைக்கு அருகில்’. ஓட்டத்தைப் பற்றி ஆழமாகத் தெரிந்திருந்ததால் வெற்று எண்கள் தொங்குவதற்கு ஒரு கொக்கி கிடைத்தது. ஆழ உழு என்பவர்களின் வாதத்தில் உள்ள நியாயம் இதுதான்: ஒரு துறையாவது ஆழமாகத் தெரியாதவருக்கு, மற்றவை எல்லாம் மாட்டி வைக்க இடமில்லாத உதிரிகள்.

இனி உங்கள் பக்கத்து நியாயம். துறைகளுக்கிடையே தொடர்பு இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து கதவைத் தட்டாது. மேரி கிக்கும் கீத் ஹோலியோக்கும் 1980-இல் ஒரு புதிரைக் கொடுத்தார்கள். வயிற்றில் கட்டி, அறுவை செய்ய முடியாது. கட்டியை அழிக்கும் அளவுக்குக் கதிர் பாய்ச்சினால் வழியிலுள்ள நல்ல திசுவும் அழியும். குறைத்தால் கட்டி போகாது. என்ன செய்வது? பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைச் செலுத்தி, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் அவை ஒன்றுசேரச் செய்வதே விடை. உதவியில்லாமல் இதைக் கண்டவர்கள் சுமார் 10 சதவீதம். வேறு சிலருக்கு முன்கூட்டியே ஒரு கதை தந்திருந்தார்கள். கோட்டைக்குப் போகும் சாலைகளில் கண்ணிவெடி. பெரும்படை ஒரே சாலையில் போனால் வெடிக்கும். தளபதி படையைச் சிறு குழுக்களாகப் பிரித்து எல்லாச் சாலைகளிலும் அனுப்பி, கோட்டையடியில் ஒன்றுசேர்க்கிறார். இதைப் படித்தவர்களில் தாமாகவே விடை கண்டவர்கள் சுமார் 30 சதவீதம்தான். “நீங்கள் படித்த கதை இதற்கு உதவும்” என்று ஒரு வார்த்தை சொன்னதும் 75 சதவீதத்தை எட்டியது. கதை தலைக்குள்ளேயே இருந்தது, வேளைக்கு வரவில்லை. உங்கள் சிக்கலும் இதேதான்.

இதற்கு மருந்தும் அவர்களிடமே உண்டு. ஒரே அமைப்புள்ள இரண்டு கதைகளைத் தந்து, இரண்டுக்கும் பொதுவானது என்ன என்று எழுதச் சொன்னபோது, பொது அமைப்பை நன்றாக எழுதியவர்கள் புதிய புதிரிலும் அதைக் கைக்கொண்டார்கள் (1983). ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். இடப்பக்கத்தில், படித்த ஒன்றைச் சுருக்கமாக எழுதாமல் மூன்று வரியில் அதன் எலும்புக்கூட்டை மட்டும் எழுதுங்கள்: பிரச்சினை என்ன, தடை என்ன, தடையைத் தாண்டிய வழி என்ன. அந்தத் துறையின் கலைச்சொல் ஒன்றும் வரக்கூடாது. வலப்பக்கம் காலியாக இருக்கட்டும். வேறு துறையில் அதே எலும்புக்கூட்டைச் சந்திக்கும் நாளில் அங்கே எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இடப்பக்கம் டார்வினின் இயற்கைத் தேர்வு: பல விதமாக மாறுபடுகின்றன, சூழல் சிலவற்றை விட்டுவைக்கிறது, விட்டுவைக்கப்பட்டவை பெருகுகின்றன. வலப்பக்கம் உளவியலாளர் ஸ்கின்னரின் செயல்வழிக் கற்றல்: விலங்கு பல விதமாக நடந்துகொள்கிறது, விளைவு சிலவற்றுக்குப் பலன் தருகிறது, பலன் கண்ட நடத்தை பெருகுகிறது. இந்த ஒப்புமையை ஸ்கின்னரே 1981-இல் கட்டுரையாக எழுதினார். அதன் கீழே நான்காவதாக ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: ஒப்புமை எங்கே முறிகிறது? இங்கே, மரபணு பிள்ளைக்குப் போகும், பழகிய நடத்தை அப்படிப் போகாது. இந்த வரியை விட்டால் “மூளை ஒரு கம்ப்யூட்டர்” என்பது போன்ற மேலோட்டமான ஒற்றுமைகளால் நோட்டு நிரம்பிவிடும். வாரத்துக்கு ஒரு ஜோடி கிடைத்தாலே அதிகம்.

கேள்வி: வாசித்து, ஹைலைட்டரால் கோடு போட்டு, மறுபடி வாசிக்கிறேன். அப்போது தெளிவாக இருக்கிறது. பத்து நாளில் போய்விடுகிறது. எங்கே தப்பு?

பதில்: மறுவாசிப்பில். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் பத்தியை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை வாசித்து, ஒரு முறை பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வாசித்தவர்கள் முந்தினார்கள்: 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. உங்களை ஏமாற்றுவது அந்த முதல் ஐந்து நிமிடத் தெளிவுதான்.

ஒரு பகுதியை முடித்ததும் புத்தகத்தை மூடி எழுதிப் பாருங்கள். அடுத்த முறை எப்போது என்பது, எவ்வளவு காலம் நினைவில் நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. செபேடா குழுவினர் 2008-இல் கண்டபடி, ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஓரிரு நாள் இடைவெளி நல்லது. ஒரு வருடம் நிற்க வேண்டுமென்றால் மூன்று, நான்கு வாரம். ஒரே வகைக் கணக்கை அடுக்காகப் போடாமல் வகைகளைக் கலந்தும் போடுங்கள். ரோரரும் டெய்லரும் 2007-இல் சோதித்தபோது, அடுக்காகப் போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதமும் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் 20 சதவீதமும் எடுத்தார்கள். கலந்து போட்டவர்கள் பயிற்சியில் 60, தேர்வில் 63. காரணம் எளிது. அடுக்காகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. தேர்வில் முதல் வேலையே அதுதான்.

கேள்வி: நான் பார்த்துக் கற்கும் ரகம், என் தம்பி கேட்டுக் கற்கும் ரகம் என்கிறார்கள். அதற்கேற்பப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். பாஷ்லர் உள்ளிட்ட நால்வர் 2008-இல் ஆய்வுகளைச் சல்லடை போட்டுப் பார்த்தும், ரகத்துக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. முறையைத் தீர்மானிக்க வேண்டியது பாடம். மூளையின் பாகங்களைப் படத்தில் பாருங்கள், உச்சரிப்பைக் காதால் கேளுங்கள், இரண்டு பேருமே.

கேள்வி: உளவியல் பட்டத்துக்குப் பிறகு, வேலைக்காக அல்ல, அறிவுக்காக வேறு துறைகளைக் கற்க விரும்புகிறேன். எதை முதலில், எப்படி?

பதில்: உளவியலே பல வீட்டுப் பிள்ளை. அதன் முன்னோடிகளில் ஃபெக்னர் இயற்பியல் பேராசிரியர். 1879-இல் லைப்சிக்கில் ஆய்வுக்கூடம் தொடங்கிய வுண்ட் மருத்துவம் படித்தவர். ஹெர்பர்ட் சைமன் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். வில்லியம் சேஸுடன் சேர்ந்து சதுரங்க வீரர்களின் நினைவாற்றலை ஆராய்ந்ததும் (1973) அவர்தான்.

முதலில் புள்ளியியலை மறுபடி எடுங்கள், இந்த முறை கணினியில். ஒரே தொகுதியிலிருந்து பத்துப் பத்துப் பேராக 50 முறை மாதிரி எடுத்துச் சராசரிகளைப் புள்ளிகளாக இடுங்கள். பிறகு நூறு நூறு பேராக. முதல் படத்தில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், இரண்டாவதில் நெருங்கி நிற்கும். ‘சிறிய மாதிரியை நம்பாதே’ என்று வகுப்பில் எழுதிக்கொண்டது அப்போதுதான் உறைக்கும். அடுத்து நரம்பணு எப்படி வேலை செய்கிறது என்ற உடலியல். மூன்றாவதாக மானுடவியல். பாடநூலில் ‘மனிதர்கள்’ என்று வருவது பெரும்பாலும் மேலைநாட்டுக் கல்லூரி மாணவர்கள் என்பதை ஹென்ரிக், ஹைன், நோரன்சாயன் 2010-இல் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். ஒரே நீளமுள்ள இரு கோடுகளில் ஒன்று நீளமாகத் தெரியும் முல்லர்-லையர் மாயத்தோற்றம்கூடச் சமூகத்துக்குச் சமூகம் அளவில் மாறுகிறது.

வாரத்துக்கு நான்கு மணி நேரம், பன்னிரண்டு வாரம், ஒரே துறை. ஏறத்தாழ 48 மணி நேரம். ஒரு பருவப் பாடத்தின் வகுப்பு நேரத்துக்கு ஈடு. அறிமுகப் பாடநூல் ஒன்றை எடுத்து, அத்தியாயக் கடைசியில் உள்ள பயிற்சிகளைச் செய்யுங்கள். பயிற்சியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் நான்காவது வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். முன்னது புரியாமல் பின்னது ஏறாது. ஜனரஞ்சகப் புத்தகங்கள் ஆசையைத் தூண்ட நல்லவை, ஆனால் அவற்றில் போட்டுப் பார்க்கக் கணக்கு இருக்காது.

கேள்வி: உளவியல் படித்தவள் என்பதால் நண்பர்கள் ஆலோசனைக்கு வருகிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: நண்பராகக் காதுகொடுங்கள். நோயின் பெயரைச் சூட்டாதீர்கள். இளநிலைப் பட்டம் மனநோயைப் பற்றிய அறிவைத் தருகிறது, சிகிச்சை அளிக்கும் பயிற்சியைத் தருவதில்லை. அதற்கு மேற்பார்வையில் நோயாளிகளோடு பழகிய காலம் வேண்டும். யாராவது சாவைப் பற்றிப் பேசினால் “தற்கொலை எண்ணம் வருகிறதா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல், கூடவே சென்று மருத்துவரிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: நாங்கள் படித்த ஆய்வுகள் பலவும் பொய்த்துவிட்டன என்கிறார்கள். அப்படியானால் எதை நம்பிப் பட்டம் வாங்கினோம்?

பதில்: வலிக்கத்தான் செய்யும். 2015-இல் வெளியான கூட்டுமுயற்சியில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, திரும்பச் செய்ததில் தேறியவை 36 சதவீதம். ‘மனஉறுதி செலவழிந்து தீரும்’ என்ற கோட்பாட்டை 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது விளைவு ஏறத்தாழப் பூஜ்யம். ஆனால் இதைக் கண்டுபிடித்தவர்கள் உளவியலாளர்களே. எல்லாம் பொய்த்துவிடவும் இல்லை: 1935-இல் ஸ்ட்ரூப் காட்டிய நிறப்பெயர்க் குழப்பத்தை (நீல மையில் எழுதிய ‘சிவப்பு’ என்ற சொல்லின் மை நிறத்தைச் சொல்லத் தடுமாறுவது) இன்றும் எந்த வகுப்பறையிலும் செய்து காட்டலாம்.

பழைய பாடநூலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆய்வுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேரைச் சோதித்தார்கள்? சம்பந்தமில்லாத வேறு குழு திரும்பச் செய்ததா? எதை அளக்கப் போகிறோம் என்று முன்னதாகவே பதிவு செய்தார்களா? கதையையும் சோதனையையும் பிரித்துப் பாருங்கள். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டதை 38 பேர் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள் என்று எல்லாப் பாடநூலும் எழுதியது. அந்த 38 பேர் கதைக்கு ஆதாரமில்லை என்று 2007-இல் மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு டார்லியும் லட்டானேயும் 1968-இல் செய்த சோதனை வேறு. ஒருவருக்கு வலிப்பு வரும் சத்தத்தைத் தான் மட்டும் கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அவர் பேசி முடிப்பதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதம். உங்கள் புத்தகத்தில் கிட்டி ஜெனோவீஸ் வரும் பக்கத்தின் ஓரத்தில் ‘2007’ என்று எழுதுங்கள். டார்லி-லட்டானே அட்டவணையை அடிக்காதீர்கள்.